கொழுப்பு மாத்திரையும் தசை வலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்கிறேன். தமிழ் பேசும் ஆள் என்று தெரிந்ததும், வயதில் மூத்தவர்கள் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் பெரும்பங்கு கொழுப்பு மாத்திரையைப் பற்றித்தான் இருக்கும். “அதப் போட்டா காலு உளையுது தம்பி, நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட சொல்லல.” மாத்திரையை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு போவார்கள், அது வீட்டு அலமாரியில் சேர்ந்துகொண்டே இருக்கும். வலியைவிட அந்தச் சொல்லாமைதான் எனக்குக் கவலை தருகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளையும், ஆற அமரப் பேச நேரம் கிடைத்தால் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்ற முடிவை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கொழுப்பு மாத்திரை என்று எதைச் சொல்கிறோம்?

பெட்டியில் ‘ஸ்டாட்டின்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின். கொலஸ்ட்ராலைச் செய்யக் கல்லீரலுக்குத் தேவைப்படும் ஒரு நொதியை இவை தடுக்கின்றன. கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு இறங்கும். 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ பூஞ்சைகளில் தேடிக் கண்டெடுத்த ஒரு பொருளிலிருந்து தொடங்கிய மருந்துக் குடும்பம் இது.

ஃபெனோஃபைப்ரேட், எசெட்டிமைப் போன்றவையும் கொழுப்புக்குத் தருபவைதான், ஆனால் வேறு வகை. தசை வலி என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ஸ்டாட்டினைத்தான் சொல்கிறார்கள்.

இது தசையைப் பாதிக்கும் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் ஊரார் பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பு வெளிவந்தது. 19 ஆய்வுகள், ஏறக்குறைய 124,000 பேர். யாருக்கு எது என்று தெரியாத வகையில் ஒரு பகுதியினருக்கு ஸ்டாட்டினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் தரப்பட்டன. தசை வலி அல்லது பலவீனம் என்று சொன்னவர்கள் ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காடு. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26.6 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் உடம்பு வலித்திருக்கிறது. ஐம்பது, அறுபது வயதில் வலி வர ஆயிரம் காரணம் இருக்கிறது.

மருந்தால் வந்த கூடுதல் வலி முக்கியமாக முதல் ஆண்டில்தான் தெரிந்தது: ஆயிரம் பேரில் சுமார் 11 பேருக்கு. அதன் பிறகு இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஐந்தாறு ஆண்டுகளாக ஒரே மாத்திரையை ஒரே அளவில் சாப்பிட்டு வரும் ஒருவருக்குப் புதிதாக வலி வந்தால், முதலில் வேறு காரணத்தைத் தேடுவதே முறை. அண்மையில் வேறு மருந்து ஏதும் சேர்ந்திருந்தால் மட்டும் கதை வேறு; அதைக் கீழே சொல்கிறேன்.

அப்படியென்றால் எனக்கு வலிப்பது வெறும் மனப்பிரமையா?

இல்லை. வலி உங்களுடையது, நிஜமானது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் ஓர் அருமையான சோதனையை வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏற்கெனவே நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்குப் பன்னிரண்டு புட்டிகள்: நான்கில் அடோர்வாஸ்டாட்டின், நான்கில் வெறும் மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். மாதத்துக்கு ஒரு புட்டி, எந்த மாதம் எது என்பது முறை மாறி வரும். அன்றாடம் தங்கள் தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று அவர்களே மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெறும் மாத்திரை மாதங்களில் 15.4.

அதாவது தொந்தரவு இரட்டிப்பானது உண்மை. அதில் ஏறக்குறைய முழுவதும் ‘மாத்திரை சாப்பிடுகிறோம்’ என்பதால் வந்தது, மாத்திரைக்குள் இருந்த மருந்தால் வந்தது மிகக் கொஞ்சம். வலி வரும் என்று காத்திருக்கும் உடம்பு, மற்ற நாட்களில் கண்டுகொள்ளாத உளைச்சலையும் உணர்கிறது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்தபின், அந்த 60 பேரில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள். இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கோ இது நம்பிக்கை தரும் செய்தியாகத்தான் படுகிறது.

மாத்திரையால் வந்த வலி எப்படி இருக்கும்?

இரு பக்கமும் ஒரே மாதிரி, பெரிய தசைகளில் வரும்: தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள். குத்தலாக இருப்பதைவிடக் கனமாக, உளைச்சலாக, அசதியாக இருக்கும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தலைகாட்டும். நிறுத்தினால் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் குறைந்துவிடும்.

வலியைவிடப் பலவீனத்தை நான் கூர்ந்து கேட்பேன். ஒரு அம்மா சொன்னார்: வாசலில் கோலம் போட உட்கார்ந்தால், ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்து, இன்னொரு கையைத் தொடையில் ஊன்றினால்தான் எழ முடிகிறது, சென்ற தீபாவளிக்குக்கூட அப்படி இல்லை. சட்டையைக் கொடியில் போடக் கையைத் தூக்க முடியவில்லை என்றும் சொன்னார். ‘வலிக்கிறது’ என்ற ஒரு சொல்லைவிட இந்த மாதிரி விவரம் மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் படியேற முடிகிறதா, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று வீட்டிலேயே கவனித்துக்கொண்டு போங்கள்.

பின்வருபவை வேறு கதைகள். முழங்கால் மூட்டு மட்டும் வலித்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பாதம் எரிந்து மரத்துப்போனால் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். காய்ச்சலோடு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்தால், நம் ஊரில் டெங்கியை முதலில் நினையுங்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடும் அறிகுறியாக இருக்கலாம். அந்த அடைப்பைத் தடுக்கத்தான் ஸ்டாட்டினே தருகிறார்கள். அந்த வலிக்கு மாத்திரையைக் குற்றம் சொல்லி நிறுத்தினால், நோய்க்கு வழிவிட்டதாகிவிடும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் பால் விடாத காப்பி நிறத்தில் போனால். கூடவே கடுமையான தசை வலி, பலவீனம், சிறுநீர் குறைவு, காய்ச்சல், வாந்தி இருந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்துப் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தசை நார்கள் பெருமளவில் சிதைந்து, உள்ளே இருந்த புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். மிக அரிது: ஸ்டாட்டின் எடுக்கும் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவு. இந்தப் பயத்தின் வேர் 2001இல் இருக்கிறது. அந்த ஆண்டு செரிவாஸ்டாட்டின் என்ற மருந்தை, இதே பாதிப்பால் பலர் இறந்தபின், உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதை ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்துடன் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து மிகக் கூடுதலாக இருந்தது. இன்று நமக்குத் தரும் ஸ்டாட்டின்களில் அது இல்லை.

சிகே பரிசோதனை என்றால் என்ன?

கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி தசைக்குள் இருப்பது. தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும். வலி இருக்கும்போது மருத்துவர் இதைப் பார்ப்பார். இயல்பின் மேல் எல்லையைப்போல் பத்து மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவது உறுதி. கொஞ்சம் கூடியிருந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்து முடிவு செய்வார். வலியே இல்லாதவர்களுக்கு இதை வழக்கமாகச் செய்வதில்லை.

கடும் உடற்பயிற்சி செய்தாலும் இந்த எண் ஏறும், இறங்கச் சில நாள் பிடிக்கும். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை தைப்பூசத்துக்குக் காவடி சுமந்துவிட்டு, மறுநாள் ரத்தம் கொடுத்தால் அறிக்கையைப் பார்த்து எல்லாரும் பதறிப்போவோம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், முடியாவிட்டால் காவடி எடுத்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகப் பளு தூக்கத் தொடங்கியவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலா?

ரோசுவாஸ்டாட்டின் விஷயத்தில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. 2005இல் வெளியான ஓர் ஆய்வு சிங்கப்பூரிலேயே நடந்தது. இங்கே வசிக்கும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு ஒரே அளவு மாத்திரை கொடுத்து ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேருகிறது என்று அளந்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் சீனருக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.9 மடங்கு, இந்தியருக்கு 1.6 மடங்கு இருந்தது. ஒரே ஊரில் வாழ்ந்தும் இந்த வித்தியாசம். நம்மையும் கணக்கில் சேர்த்துச் செய்த ஆய்வு என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்வது இந்த மாதிரி ஆய்வுகளால்தான். வெளிநாட்டு உறவினர் ஒருவர் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறார், எனக்கு ஏன் 5 என்று வருந்த வேண்டாம். நம் உடம்பில் 5 நன்றாகவே வேலை செய்யும்.

மற்றபடி வயது கூடியவர்கள், ஒல்லியான உடல்வாகு கொண்டவர்கள், பெண்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், அதிகம் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறைபாடே கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசை வலியையும் தரும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வாட்டும். தசை வலி என்று போனால் தைராய்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு மருந்துகளோடு சேர்ந்தால் பிரச்சினை வருமா?

என் அனுபவத்தில் உண்மையான மருந்து வலிக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சிம்வாஸ்டாட்டினை உடைத்து வெளியேற்றும் நொதியைச் சில மருந்துகள் முடக்கிவிடும். அப்போது மருந்து ரத்தத்தில் பன்மடங்கு தேங்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, கொவிட்டுக்குத் தரும் பாக்ஸ்லோவிட் ஆகியவற்றோடு சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது. அந்தச் சில நாட்களுக்கு அதை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் வரம்பு வைத்தது. டில்டியாசெம், வெராப்பமில் என்றால் வரம்பு இன்னும் குறைவு, 10 மில்லிகிராம். ‘கவுட்’ எனும் கீல்வாதத்துக்கான கோல்ச்சிசினும் ஸ்டாட்டினோடு சேர்ந்து தசையைத் தொல்லைப்படுத்தலாம்.

ஆகவே பல் வலிக்கோ இருமலுக்கோ வீட்டுப் புளோக்குக்குக் கீழே உள்ள வேறொரு கிளினிக்குக்குப் போனாலும் ‘கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று பெயரோடு சொல்லுங்கள்.

சீனப் புத்தாண்டுக்குப் பம்பளிமாஸ் சாப்பிடலாமா?

கிரேப்ஃபுரூட் சாறு அதே நொதியை முடக்கும். பம்பளிமாஸ் அதன் தாய்ப் பழம். அதே வகைப் பொருட்கள் இதிலும் உண்டு. பக்கத்து வீட்டார் தந்த சில சுளைகளைத் தின்றதால் ஒன்றும் ஆகிவிடாது. சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் இதைத் தினசரிச் சாறாக மட்டும் ஆக்கிக்கொள்ள வேண்டாம். ரோசுவாஸ்டாட்டினுக்கும் பிராவாஸ்டாட்டினுக்கும் இந்தக் கவலை இல்லை.

வலிக்கிறது. நானே நிறுத்திவிடலாமா?

அவசர அறிகுறி இல்லையென்றால், நிறுத்துமுன் தொலைபேசியில் அழைத்தாவது கேளுங்கள். குறிப்பாக மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள். எவ்வளவு பெரிய காவலை இழக்கிறீர்கள் என்பதற்கு 2016இல் லான்செட் வெளியிட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஏற்கெனவே இதய நோய் உள்ள 10,000 பேர் ஐந்தாண்டு ஸ்டாட்டின் எடுத்து எல்டிஎல்லை லிட்டருக்கு 2 மில்லிமோல் இறக்கினால், சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்க்கப்படும். அதே 10,000 பேரில் தசை நோய் கடுமையாக வருவது சுமார் 5 பேருக்கு. சிங்கப்பூரில் சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் மாரடைப்பு விகிதம் கூடுதல் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சொன்னால் மருத்துவர் திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். அவர் கையில் பல வழிகள் இருக்கின்றன. முதலில் சில வாரம் நிறுத்திப் பார்ப்பார். வலி அப்படியே இருந்தால் மாத்திரை குற்றவாளி அல்ல. வலி போனால் மறுபடி குறைந்த அளவில் அல்லது வேறு ஸ்டாட்டினில் தொடங்குவார். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. அளவைக் குறைத்தால் பலன் போய்விடுமே என்று நினைப்பீர்கள். ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக இறங்குவது 6 விழுக்காடு மட்டுமே. அப்படியானால் பாதியாகக் குறைத்தாலும் இழப்பது அவ்வளவுதான். அதை ஈடுகட்ட எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்த்தால் 15 முதல் 20 விழுக்காடு இறங்கும். அது தசையை அதிகம் தொடுவதில்லை. அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூடக் கொடுத்துப் பார்ப்பார்கள். எதுவுமே ஒத்துவராமல், இதய ஆபத்தும் பெரிதாக இருந்தால், எவோலோகுமாப், அலிரோகுமாப், இன்கிளிசிரான் போன்ற ஊசிகள் இருக்கின்றன. விலை கூடுதல், அதனால் எல்லாருக்கும் எழுத மாட்டார்கள்.

வைட்டமின் டி, கோ-என்சைம் கியூ10, சிவப்பு ஈஸ்ட் அரிசி?

வைட்டமின் டி குறைவாக இருந்தால் அந்தக் குறையே வலி தரும், அதைச் சரிசெய்வது நல்லது. குறை இல்லாதவர்கள் ஸ்டாட்டின் வலியைத் தடுக்க அதை விழுங்குவதால் பயனில்லை. கியூ10 என்ற சத்து மாத்திரைக்கு உறுதியான சான்று இல்லை. சாப்பிட்டால் கெடுதல் குறைவு, பணம்தான் செலவு.

சிவப்பு ஈஸ்ட் அரிசியில் ஏமாந்துவிடாதீர்கள். இயற்கை மருந்து என்று வாங்கும் அதில் உள்ள மொனாகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான், வேதியியல்படி ஒரே பொருள். ஸ்டாட்டின் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத ஸ்டாட்டினை எடுத்துக்கொள்வதாகும். மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் இன்னும் மோசம்.

வலிக்கு என்று இணையத்திலும் தெரிந்தவர் மூலமும் வாங்கும் மூலிகை மாத்திரைகள் என்னை அதைவிடக் கலங்கவைக்கின்றன. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சொல்லாமல் கலந்த பொருட்களைப் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துபோகும். தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், அந்த ஸ்டீராய்டே தொடைத் தசையைக் கரைக்கும்.

நிறுத்திப் பல மாதமாகியும் பலவீனம் போகவில்லை. என்ன செய்வது?

வலி போகாததோடு, படியேற முடியாத பலவீனம் கூடிக்கொண்டே வந்தால், சிகேயும் இறங்காமல் இருந்தால், தசை நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். மிகச் சிலருக்கு, ஸ்டாட்டின் தடுக்கும் அதே நொதிக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருளைச் செய்து தசையைத் தாக்கத் தொடங்கும். மாத்திரையை நிறுத்தினாலும் இது தானாக நிற்காது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளால் சிகிச்சை செய்கிறார்கள். இவர்கள் மட்டும் இனி எந்த ஸ்டாட்டினையும் தொடக் கூடாது. சிவப்பு ஈஸ்ட் அரிசியும் அதில் அடக்கம்.

வலி இருக்கும்போது நடக்கலாமா?

மெதுவாக நடக்கலாம். புதிதாகக் கடும் பயிற்சி தொடங்குவதை மட்டும் வலி அடங்கும்வரை தள்ளிவையுங்கள்.

ஊருக்குப் போனபோது அங்கே வாங்கிய மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடலாமா?

ஒரு பெரியவர் இரண்டு பெட்டிகளை என் முன்னால் வைத்தார். ஒன்று இங்கே எழுதிக் கொடுத்தது, அடோர்வாஸ்டாட்டின். மற்றது ஊரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கியது. முன்பக்கம் ஒரு கம்பெனிப் பெயர், பின்பக்கம் பொடி எழுத்தில் ரோசுவாஸ்டாட்டின், கூடவே ஃபெனோஃபைப்ரேட். அது இதயத்துக்கு, இது கொழுப்புக்கு என்று நினைத்து இரண்டையும் இரவில் சாப்பிட்டு வந்திருக்கிறார். இரண்டு ஸ்டாட்டின், மேலே ஒரு ஃபைப்ரேட். தொடை கனத்ததில் வியப்பில்லை. அன்றே மருத்துவரிடம் பேசி ஒன்றை நிறுத்தினோம்.

இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது சாதாரணம். ஒரே மருந்து பத்துப் பெயரில் கிடைக்கும். அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளையிடம் கொடுத்துக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டாட்டின்’ என்று முடியும் பெயர் இரண்டு பெட்டியிலும் இருந்தால், இரண்டையும் பையில் போட்டு அடுத்த முறை எங்களிடம் கொண்டு வாருங்கள். அதுவரை இங்கே எழுதிக் கொடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள்.